ஜிப்சமும் பிரஷைட்டும் ஒரே குழாயில்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

ஜனவரி பிறந்துவிட்டால் முதுகலை புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் டெஸ்ட் டியூபும் கையுமாக வந்து நிற்பார்கள். "சார், மிக்ஸ்டு கிரிஸ்டல் வந்துடுச்சு." குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பேன். ஜெல்லுக்குள் ஊசி ஊசியாகக் கொஞ்சம், தகடு தகடாகக் கொஞ்சம், மேலே நாலைந்து வெள்ளை வளையம். "அழகா வந்திருக்கும்மா. பிஹெச் எவ்வளவு வெச்சே?" பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது.

மிக்ஸ்டு கிரிஸ்டல், அதாவது கலப்புப் படிகம் என்றால் ஜிப்சமும் பிரஷைட்டும் ஒரே படிகத்துக்குள் கலந்து வளர்ந்திருக்க வேண்டும். கடலூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் வருடா வருடம் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. புதுச்சேரியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் போன் செய்து கேட்கிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் எந்த அறிகுறிக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த இரண்டு பேரையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டோடு இரண்டு நீர் மூலக்கூறு. பிரஷைட் என்பது கால்சியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டோடு அதே இரண்டு நீர். யேல் பல்கலைக்கழகத்தின் கனிமவியலாளர் ஜார்ஜ் ஜார்விஸ் பிரஷ் நினைவாக 1865-இல் வைத்த பெயர் அது. சிறுநீரகக் கற்களில் பிரஷைட் உண்டு. நம் கல்லூரிகளில் அதை ஜெல்லில் வளர்த்துப் பார்க்கும் வழக்கம் வந்ததே அதனால்தான். பாஸ்பேட் கலந்த சிலிகேட் ஜெல்லின் மேல் கால்சியம் குளோரைடு ஊற்றினால், அது மெல்ல இறங்கி உள்ளே படிகம் கட்டும். அந்த ஜெல்லில் சல்பேட்டையும் சேர்த்தால் நம் கதை தொடங்கிவிடும்.

இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ஜிப்சத்தின் மூலக்கூறு எடை 172.17, பிரஷைட்டுக்கு 172.09. இரண்டிலும் நீர் 20.9 சதவீதம். அடர்த்தி 2.3 சொச்சம். இரண்டுமே ஒற்றைச் சரிவுப் படிகம். அடுக்கு, இடையில் நீர், மறுபடி அடுக்கு என்று போகும் அமைப்பும் ஒன்றே. நீளமான அச்சு இரண்டிலும் 15.2 ஆங்ஸ்ட்ராம். நகத்தால் நெம்பினால் ஒரே திசையில் தகடாகப் பிரியும். எடையும் நீரும் அளவும் இப்படிப் பொருந்தும்போது, சல்பேட் உட்கார வேண்டிய இடத்தில் ஹைட்ரஜன் பாஸ்பேட் வந்து உட்காருவதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சல்பேட் வெறுங்கையோடு வரும் பயணி. ஹைட்ரஜன் பாஸ்பேட் மடியில் ஒரு பை வைத்திருக்கும் பயணி. அந்தப் பை ஒரு ஹைட்ரஜன். சீட்டில் உட்காரலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர வேண்டும். கொஞ்சப் பேர் பையோடு ஏறினால் பஸ் தாங்கும். பாதிக்குப் பாதி ஆகிவிட்டால் உட்காரும் வரிசையே மாறிவிடும். சல்பேட்டும் பாஸ்பேட்டும் சரிபாதியாக, நான்கு நீரோடு அமையும் அந்த வேறு வரிசைக்குப் பெயர் ஆர்டியலைட். அதன் நீள அச்சு 15.2 அல்ல, ஏறக்குறைய 31 ஆங்ஸ்ட்ராம், இரட்டிப்பு. ருமேனியாவின் டிரான்சில்வேனியாப் பகுதிக்கு அந்த ஊர் மொழியில் ஆர்டியல் என்று பெயர். அங்கே வௌவால் எச்சம் படிந்த ஒரு குகையில் கிடைத்ததால் 1932-இல் இந்தப் பெயர் வந்தது.

ஆக, உங்கள் குழாயில் நாலு விதமான பொருள் இருக்கலாம்: கொஞ்சம் பாஸ்பேட் நுழைந்த ஜிப்சம், கொஞ்சம் சல்பேட் நுழைந்த பிரஷைட், ஆர்டியலைட், அல்லது தனித்தனியாக வளர்ந்து பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் ஜிப்சமும் பிரஷைட்டும். கடைசியில் சொன்னதைக் கலப்புப் படிகம் என்று எழுதிவிடக் கூடாது. பெரும்பாலான தவறு அங்கேதான் நடக்கிறது.

ஜெல் இறுகவில்லை, அல்லது ஊற்றும்போதே கட்டியாகிறது

சோடியம் மெட்டாசிலிகேட் கரைசலின் ஒப்படர்த்தி 1.04 பக்கம் இருக்கட்டும். ஆர்த்தோபாஸ்பாரிக் அமிலம் சேர்த்துப் பிஹெச்சை இறக்கும்போது, அமிலத்தைச் சிலிகேட்டில் ஊற்றாதீர்கள். அமிலத்தைப் பீக்கரில் வைத்துக் கலக்கிக்கொண்டே சிலிகேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இல்லாவிட்டால் விழுந்த இடத்திலேயே கட்டி கட்டும். பிஹெச் 7, 8 பக்கம் போனால் நிமிடக் கணக்கில் இறுகிவிடும். 5 பக்கம் வைத்தால் நாள் கணக்காகும். அது பிழை இல்லை, காத்திருங்கள். குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதுதான் பிழை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துக் கடலூரே இருட்டில் கிடந்த நாட்களில், யாரும் தொடாமல் ஸ்டாண்டில் கிடந்த குழாய்களில்தான் எங்களுக்கு அந்த வருடத்தின் நல்ல படிகங்கள் கிடைத்தன.

படிகமே இல்லை, வெறும் வெள்ளை மாவு

மேலே ஊற்றிய கால்சியம் குளோரைடு செறிவு அதிகம் என்பது ஒரு காரணம். 1 மோலாரை அரை மோலாராகக் குறைத்துப் பாருங்கள். ஜெல்லின் மேல்பகுதியில் வரும் வெள்ளை வளையங்களுக்கு லீசகாங் வளையம் என்று பெயர். அவை வருவது இயல்புதான், கீழே போகப் போக இடைவெளி விட்டுப் படிகம் பெரிதாகும்.

குழாய் முழுக்க மாவாக இருந்தால் பிஹெச்சைச் சந்தேகப்படுங்கள். இது கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடம்.

பாஸ்பேட் ஒரே உருவத்தில் இருப்பதில்லை. அமிலம் அதிகமாக இருந்தால் இரண்டு ஹைட்ரஜனோடு இருக்கும். காரம் ஏறினால் ஒன்று, அப்புறம் ஒன்றுமே இல்லாமல் போகும். ஜிப்சத்தின் சீட்டுக்குப் பொருந்துவது ஒற்றை ஹைட்ரஜன் உள்ள உருவம் மட்டும்தான். பிஹெச் 7.2-இல் இரண்டு ஹைட்ரஜன் உருவமும் ஒரு ஹைட்ரஜன் உருவமும் சரிபாதி. பிஹெச் 6-இல் நமக்கு வேண்டியது சுமார் 6 சதவீதம். பிஹெச் 5-இல் ஒரு சதவீதம்கூட இல்லை.

"அப்படின்னா பிஹெச்சை 7-க்கு மேலே ஏத்திட்டா நல்லதுதானே சார்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் ஏற்றினால் பிரஷைட்டே நிலைக்காது. ஆக்டாகால்சியம் பாஸ்பேட், அபடைட் என்று வேறு உருவங்கள் மாவாகப் படியும். அவற்றுக்கும் ஜிப்சத்துக்கும் அமைப்பில் எந்த உறவும் இல்லை, சேர்ந்து வளராது. பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊரின் பொட்டலுக்குக் களப்பயணம் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். களிமண்ணைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஜிப்சம் நரம்பு போகும், அதே மண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் கிடக்கும். ஒன்றோடு ஒன்று கலக்கவில்லை. கடலடிச் சேற்றில் உருவான அந்த உருண்டைகளில் இருப்பது அபடைட் வகை. ஆர்டியலைட் கிடைத்ததோ அமிலம் கசியும் வௌவால் எச்சத்தில். கலப்பு வேண்டுமென்றால் லேசான அமிலம் வேண்டும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது 5-இலிருந்து 6 வரை. அதற்குள் எங்கே என்பதை நீங்கள் நாலு குழாய் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பிஹெச் பேப்பர் இதற்குப் போதாது, மீட்டர் வேண்டும். மீட்டரை 4, 7 பஃபர் இரண்டிலும் அன்றைக்கே சரிபார்த்திருக்க வேண்டும்.

முதலில் பாஸ்பேட் வந்தது, பிறகு ஜிப்சம் மட்டுமே வருகிறது

பீக்கரில் கலக்கி வீழ்படிவு எடுப்பவர்களுக்கு வரும் தொல்லை இது. ஜெல்லிலும் வரும், ஆனால் மெதுவாக. முதல் பத்து நிமிடத்தில் எடுத்த சாம்பிளில் பாஸ்பேட் நிறைய, ஒரு மணி நேரம் கழித்து எடுத்ததில் கிட்டத்தட்ட சுத்த ஜிப்சம். கலவை என்னவோ ஒன்றுதான்.

காரணம் எளிது. பிஹெச் 5-இல் கரைசலில் இருக்கும் பாஸ்பேட் பெரும்பாலும் இரண்டு ஹைட்ரஜன் உருவம் என்று பார்த்தோம். அது பிரஷைட்டாகப் படிய வேண்டுமென்றால் ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிப் போட வேண்டும். கழன்ற ஹைட்ரஜன் கரைசலில் அமிலமாகச் சேர்கிறது. பிரஷைட் படியப் படிய பிஹெச் இறங்குகிறது, இறங்க இறங்க பிரஷைட்டின் கரைதிறன் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அது படிவதையே நிறுத்திக்கொள்ளும், ஏற்கெனவே படிந்ததும் கரையத் தொடங்கும். ஜிப்சத்துக்கு இந்தக் கவலை கிடையாது. சல்பேட் பிஹெச் 3 வரை அசையாமல் அப்படியே இருக்கும். அதனால் பின்பாதியில் ஜிப்சம் மட்டும் தனியாக வளர்கிறது.

இதை ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டால் மறக்காது. மீட்டரைப் பீக்கருக்குள்ளேயே விட்டு வையுங்கள். பியூரெட்டிலிருந்து கால்சியம் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 5.5-இல் நின்றுகொண்டிருந்த எண், கரைசல் கலங்கிய நொடியிலிருந்து 5.3, 5.1, 4.8 என்று கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு போகும். கால்சியம் விடுவதை நிறுத்தினாலும் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். படிகம் இன்னும் வளர்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தீர்வு: இன்னொரு பியூரெட்டில் நீர்த்த அம்மோனியா வைத்துக்கொண்டு, இறங்க இறங்கச் சொட்டு விட்டுப் பிஹெச்சை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு பேர் இருந்தால் சுலபம், ஒருவர் கால்சியம், ஒருவர் அம்மோனியா. அம்மோனியாவைச் சட்டென்று ஊற்றிவிட்டால் விழுந்த இடத்தில் அபடைட் வந்துவிடும், கவனம்.

இன்னொன்று. கரைசலில் சல்பேட்டும் பாஸ்பேட்டும் 1-க்கு 1 வைத்ததால் படிகத்திலும் 1-க்கு 1 இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள். கரைசலின் விகிதமும் படிகத்தின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. 9-க்கு 1 முதல் 1-க்கு 9 வரை ஒரு வரிசை வைத்து, ஒவ்வொன்றிலும் படிகத்தைத் தனியாகக் கரைத்து அளந்தால்தான் தெரியும்.

கழுவக் கழுவ சாம்பிள் குறைகிறது, சல்பேட் காணாமல் போகிறது

ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2.4 கிராம் கரையும். பிரஷைட் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அரை கிராம் சாம்பிளை ஃபில்டர் பேப்பரில் வைத்து வாஷ் பாட்டிலால் பீச்சிக்கொண்டே இருந்தால் முதலில் கரைந்து போவது ஜிப்சம்தான். கொஞ்சம் தண்ணீரில் இரண்டு தடவை, அப்புறம் அசிட்டோனில் ஒரு தடவை, அவ்வளவு போதும்.

கழுவாமலும் விட முடியாது. தாய்க்கரைசல், அதாவது படிகம் வளர்ந்த மிச்சக் கரைசல், ஒட்டியிருந்தால் சுத்த ஜிப்சத்திலும் பாஸ்பேட் சோதனை பாசிட்டிவ் காட்டும். கடைசியாக வடிந்த தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள். கலங்காவிட்டால் குளோரைடு போய்விட்டது, அதோடு தாய்க்கரைசலும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு படிகத்தை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து லேசாகச் சூடாக்கினால், மஞ்சள் வீழ்படிவு வந்தால் பாஸ்பேட். சல்பேட்டுக்குப் பேரியம் குளோரைடு. ஆனால் அமிலம் சேர்த்த பிறகுதான் பாருங்கள், ஏனென்றால் பேரியம் பாஸ்பேட்டும் வெள்ளைதான். அது அமிலத்தில் கரையும், பேரியம் சல்பேட் கரையாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய துறைமுகம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பும் சல்பேட்டும் எப்போதும் உண்டு. குழாய்த் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவினாலும் கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். சுத்த பிரஷைட் குழாயில் சல்பேட் எப்படி வந்தது என்று ஒரு வாரம் தேட வேண்டியிருக்காது.

காய்ந்ததும் பால் போல வெளுத்துவிட்டது

ஓவனை 110 டிகிரியில் வைத்திருப்பீர்கள். ஜிப்சம் நீரை இழந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகிவிட்டது. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்த்துப் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) 14.7 டிகிரியில் ஒரு புது முகடு, அதாவது பீக், வந்தால் சந்தேகமே வேண்டாம். பிரஷைட் இன்னும் சற்று அதிகச் சூட்டில் நீரை இழந்து மோனடைட் ஆகும். 40 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். ஏப்ரல், மே மாதக் கடலூருக்கு ஓவனே தேவையில்லை, டெசிகேட்டரில் வைத்தால் போதும். கல்வத்தில் போட்டு வெகுநேரம் அழுத்தி அரைத்தாலும் ஜிப்சம் நீரை விட்டுவிடும்.

எக்ஸ்ஆர்டியில் ஒரே பொருள்தான் தெரிகிறது, அல்லது முகடு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது

"சார், ஒரே பீக்தான் இருக்கு, அதுவும் ஷிஃப்ட் ஆயிருக்கு, அப்போ சாலிட் சொல்யூஷன்தானே?" சாலிட் சொல்யூஷன் என்று அவர்கள் சொல்வதும் கலப்புப் படிகத்தைத்தான். இந்தக் கேள்வி என் காதில் விழாத வருடமே இல்லை.

தாமிரக் கதிரில் ஜிப்சத்தின் முதல் முகடும் பிரஷைட்டின் முதல் முகடும் 11.6-க்கும் 11.7-க்கும் நடுவிலேயே விழுந்துவிடும். நீள அச்சு இரண்டிலும் ஒன்று என்று சொன்னேன் அல்லவா, அதனால் வரும் வினை. 23.4-இல் வருவதும் அப்படித்தான், இரண்டுக்கும் ஒரே இடம். தகடு தகடான பொடி ஹோல்டரில் படுத்துக்கொள்வதால் இந்த இரண்டு முகடும் வானளவு உயர்ந்து மற்றவை எல்லாம் தரையில் கிடக்கும். படத்தைப் பார்த்தால் ஒரே பொருள் மாதிரித்தான் இருக்கும். இது அமைப்பு செய்யும் மறைப்பு.

பார்க்க வேண்டிய இடம் 30-இலிருந்து 35 டிகிரி வரை. ஜிப்சம் அங்கே 31.1, 33.4-இல் நிற்கும். பிரஷைட் 30.5, 34.2-இல் நிற்கும். நாலும் தெரிந்தால் உங்களிடம் இரண்டு பொருள் இருக்கிறது. ஆர்டியலைட் என்றால் முதல் முகடே 11.4 பக்கம் இறங்கியிருக்கும். 31-இல் பாதி 15.5, அது 15.2-ஐவிடக் கொஞ்சம் நீளம் என்பதன் அடையாளம் அது. பொடியை அழுத்தித் தட்டாமல் பக்கவாட்டிலிருந்து ஹோல்டரை நிரப்பச் சொன்னால் சின்ன முகடுகள் எழும்பும்.

நகர்ந்த முகட்டுக்கு வருவோம். பொடியின் மேற்பரப்பு ஹோல்டரின் மட்டத்தைவிட 0.1 மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ இருந்தால், அந்தக் கோணத்தில் முகடு சுமார் 0.05 டிகிரி நகரும். ஜிப்சத்துக்கும் பிரஷைட்டுக்கும் முதல் முகட்டில் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான். ஆகவே அந்த ஒரு முகட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சாம்பிளோடு சிறிது சிலிக்கான் பொடி கலந்து அனுப்புங்கள். சிலிக்கானின் முகடு 28.44-இல் விழ வேண்டும். அது எவ்வளவு தள்ளி விழுகிறதோ, அதை வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். திருத்திய பிறகும் நகர்வு நின்றால், சல்பேட்–பாஸ்பேட் விகிதத்தை மாற்ற மாற்ற நகர்வும் ஒரே சீராக மாறினால், அப்போது சொல்லலாம்.

ராமன் கருவி (லேசர் ஒளி சிதறுவதை வைத்து மூலக்கூறின் அதிர்வைக் காட்டுவது) கிடைத்தால் பாதி வேலை மிச்சம். ஜிப்சம் அலை எண் 1008-இல், பிரஷைட் 986-இல் கூர்மையாக நிற்கும், ஒரு படிகத்தையே தனியாக எடுத்துப் பார்க்கலாம். எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) என்றால் நீரின் வளைவு அதிர்வைப் பாருங்கள். ஜிப்சத்துக்கு 1685, 1620 என்று இரட்டை, பிரஷைட்டுக்கு 1650-இல் ஒற்றை. 1100 சுற்றி வரும் அகலமான பட்டையை நம்ப வேண்டாம். ஜெல்லின் சிலிக்கா ஒட்டியிருந்தால் அதுவும் அங்கேதான் வரும்.

ஈடிஎஸ்ஸில் பாஸ்பரஸ் நிறையக் காட்டுகிறது, ஆனால் மாலிப்டேட் சோதனையில் ஒன்றுமில்லை

இதில் நானே ஒரு முறை தவறினேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெண், ஜிப்சம் ஊசிகளை எஸ்இஎம்முக்கு, அதாவது எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்பினாள். அதோடு இணைந்த ஈடிஎஸ், எக்ஸ்-கதிர்க் கோடுகளை வைத்து என்னென்ன தனிமம் இருக்கிறது என்று சொல்லும். அறிக்கையில் பாஸ்பரஸும் சல்பரும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தன. "எழுதிடும்மா, ஒரே ஊசியில ரெண்டும் இருக்கு" என்று நானே சொல்லிவிட்டேன். அவள் அன்று சாயங்காலம் மீதியிருந்த ஊசிகளைக் கரைத்து மாலிப்டேட் விட்டுப் பார்த்துவிட்டு, "சார், மஞ்சளே வரலை சார்" என்று வந்து நின்றாள். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அவள் செய்ததுதான் சரி.

மின்கடத்தாத சாம்பிள் என்பதால் மேலே தங்கம் பூசித்தான் எஸ்இஎம்மில் வைப்பார்கள். பாஸ்பரஸின் கோடு 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சல்பர் 2.31. பூசிய தங்கத்தின் கோடு 2.12. இரண்டுக்கும் இடையில், பாஸ்பரஸை ஒட்டி. மென்பொருள் அதைப் பிரிக்கத் தடுமாறி, பாஸ்பரஸ் கணக்கில் கொஞ்சம் எழுதிவிடுகிறது. அனுப்பும்போதே கார்பன் பூசச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால், பாஸ்பேட்டே சேர்க்காமல் வளர்த்த ஜிப்சம் ஒன்றையும் அதே தங்கம் பூசி அதே நாளில் வைக்கச் சொல்லுங்கள். அதிலும் பாஸ்பரஸ் வந்தால் தெரிந்துவிடும். அந்த அறிக்கையைப் பார்த்து நான் சொன்னதை அவள் நம்பி எழுதியிருந்தால் வைவாவில் நின்று பதில் சொல்ல வேண்டியவள் அவள். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

டிஜிஏவில் எடை இழப்பு 21 சதவீதம், எது என்று தெரியவில்லை

டிஜிஏ என்பது சூடாக்கிக்கொண்டே எடை இழப்பை அளப்பது. எது என்று தெரியாதுதான், இரண்டுக்கும் 20.9. ஓட்டத்தை 200 டிகிரியில் நிறுத்தாமல் 600 வரை விடுங்கள். ஜிப்சத்தில் அதற்கு மேல் போக நீர் இல்லை. பிரஷைட்டில் மடியில் இருந்த ஹைட்ரஜன்கள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து 400 டிகிரி சுற்றி நீராக வெளியேறும், பாஸ்பேட் பைரோபாஸ்பேட் ஆகும். அந்தப் படி 5.2 சதவீதம், மொத்தம் 26.2. சரிபாதி என்றால் 23.5 பக்கம் வரும். ஆர்டியலைட்டா, பாதிப்பாதிக் கலவையா என்று இது சொல்லாது, ஆனால் மொத்தப் பாஸ்பேட் எவ்வளவு என்று ஓரளவு சொல்லும். ஜெல் ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கும் கெடும்.

ஜிப்சம் தகட்டைப் பாஸ்பேட் கரைசலில் போட்டால் மேலே ஏதோ வளர்கிறது

இது பிழையே இல்லை, நான் பார்த்ததிலேயே அழகான பரிசோதனை. மரக்காணம் உப்பளத்தில் கிடைக்கும் ஜிப்சம் சிறிதாகவும் கலங்கலாகவும் இருக்கும். கண்ணாடி போன்ற துண்டு வேண்டும், அதைப் பிளேடால் பிளந்து புதுத் தளம் எடுங்கள். பிஹெச் 5 முதல் 6 வரை உள்ள பாஸ்பேட் கரைசலில் கிடத்துங்கள். ஜிப்சம் கரைந்து கால்சியம் தரும், அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பிரஷைட் அதே தளத்தின் மேல் வளரும். லென்ஸில் பார்த்தால் குட்டிக் குட்டித் தகடுகள் கண்டபடி கிடக்காமல் வரிசை பிடித்து நிற்பது தெரியும். இரண்டு திசையில் வரிசை பிடிக்கும். பிரஷைட்டுக்குச் சமச்சீர் ஜிப்சத்தைவிடக் குறைவு, அதனால் ஒரே தளத்தின் மேல் இரண்டு விதமாக உட்கார அதற்கு வழி இருக்கிறது.

வரிசை இல்லாமல் மாவு போல மூடினால் பிஹெச் ஏறிவிட்டது. ஒன்றுமே வளராமல் தகடு மட்டும் தேய்ந்தால் பிஹெச் இறங்கிவிட்டது, அல்லது பாஸ்பேட் போதவில்லை.

பாஸ்போஜிப்சத்தில் செய்த பிளாஸ்டர் இறுகத் தாமதமாகிறது

பாஸ்பேட் பாறையில் கந்தக அமிலம் ஊற்றிப் பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும்போது, ஒரு டன் பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்குச் சுமார் 5 டன் ஜிப்சம் மிஞ்சும், அதுதான் பாஸ்போஜிப்சம். அதில் பாஸ்பேட் இரண்டு விதமாக இருக்கும். ஒட்டிக்கொண்டிருப்பது கழுவினால் போகும். சீட்டில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கழுவினாலும் போகாது. அணிக்கோவைக்குள் இருக்கும் இந்தப் பங்கு பொதுவாக ஒரு சதவீதத்தை எட்டாது. ஆனால் பிளாஸ்டர் ஆக்கித் தண்ணீர் ஊற்றிய பிறகு அது வெளியே வந்து இறுகுவதைத் தடுக்கும். ஆலையில் அமிலத்தில் சல்பேட்டைக் கொஞ்சம் கூட்டி வைப்பது வழக்கம். வெறுங்கைப் பயணிகள் அதிகம் நின்றால் பை வைத்திருப்பவருக்குச் சீட் கிடைப்பது குறையும் அல்லவா.

உங்கள் கையில் வந்தது ஏற்கெனவே படிந்த ஜிப்சம். எனவே இரண்டு கப் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நன்றாகக் கழுவி, சூடாக்கி, பிளாஸ்டர் ஆக்கியது. இன்னொன்றில் அதே பிளாஸ்டரோடு ஒரு சிட்டிகை நீற்றிய சுண்ணாம்பு. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி குத்திப் பாருங்கள். சுண்ணாம்புக் கப் முந்தினால் தடுத்தது பாஸ்பேட்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் சிறிதளவு ரேடியமும் இருக்கக்கூடும் என்பதால் பொடியைப் பறக்கவிடாமல், முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். இரண்டு கப்பும் ஒரே நேரத்தில் இறுகினால், வறுத்த சூட்டைத்தான் முதலில் சரிபாருங்கள்.